பேச்சு மூச்சு

எனக்குக் கொடுத்த அட்டையில் இவ்வளவுதான்:
ஆண். வயது அறுபத்தொன்று. மூச்சு இல்லை.
தாடையை உயர்த்திய பிறகும் இல்லை.
வசனம் எதுவும் கிடையாது.

ஷிகோகுவின் தென்மேற்கு ஓரத்தில்
படகுத்துறைச் சீட்டுக் கிழித்தவன் நான்.
படகு நின்றுபோய் ஆறு வருடம்.
காலிக் காத்திருப்புக் கூடத்தை
இன்றைக்கு ஒரு நிலநடுக்கத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்.
என் பழைய கவுண்டருக்கு நேர் கீழே
நான் செத்துக் கிடக்க வேண்டும்.

பத்தடி தள்ளி சுஸுனா, பள்ளி மாணவி.
தொடையில் சோளமாவும் சாயமும் பிசைந்த காயம்.
இரண்டு இரவு கண்ணாடி முன்னால் கத்திப் பழகினாளாம்.
உயிர் போகிற மாதிரிக் கத்தினாள்.
பாராட்டத் தோன்றியது.
பிணத்துக்கு ஏது கருத்து.

விசில்.
பன்னிரண்டு டாக்டர்கள் ஓடி வந்தார்கள்.
தலைக்கவசம், புது பூட்ஸ்,
வழுவழுத் தரையிலேயே நடந்து பழகிய கால்கள்.
என்னிடம் வந்தவர் இசொமுரா.
மயக்க மருந்து நிபுணர்; மட்சுயாமாவில்
கைராசிக்காரர் என்று பெயராம்.
தினம் நாலு பேருக்கு மூச்சைக் கடன் வாங்கிக் கொடுக்கிற கை
என் தாடையை உயர்த்தியது.
கன்னத்தை என் வாயருகே வைத்துக் கேட்டார்.
டப்பாக் காபி வாசனை.

அடக்கித்தான் வைத்திருந்தேன்.
ஆனால் நெஞ்சு அட்டை படிக்காது.
ஒரு இழை, ஒரே ஒரு இழை
அவர் கன்னத்தில் பட்டுவிட்டது.

நகரவில்லை மனிதர்.
அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
மறுபடி கன்னம். மறுபடி அட்டை.
கழுத்தில் இரண்டு விரல் வைத்தார்;
அங்கே அது டிக்கெட் எடுக்காத பயணி போல
தலையைக் குனிந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தது.
இல்லை என்று எழுதியதை
இருக்கிற உடம்பில் தேடுகிறார், பாவம்.

"நாற்பது நொடி" என்றது மேலே ஒரு குரல்.
பயிற்சியாளர் ஓனுமா அம்மையார்,
கடிகாரமும் கையுமாக.
குரலில் கோபமில்லை.
சுஸுனாவின் பக்கம் போய்க் குனிந்து
அவள் மணிக்கட்டுச் சீட்டில் சிவப்பைக் கிழித்தார்.
"நீ போய்விட்டாய், கண்ணு. இனி மூச்சுக் காட்டாதே."

கத்தல் பாதியில் அறுந்தது.
"இன்னும் பாதி பாக்கி இருக்கே" என்று
செத்த பிறகு முணுமுணுத்தாள்.
கூடம் அடங்கி
வெளியே கடற்பறவைகள் கேட்டன.
அப்போதுதான் இசொமுரா என் கழுத்திலிருந்து விரலை எடுத்தார்.

தேநீருக்குப் பிறகு இரண்டாம் முறை.
அதே நிலநடுக்கம், அதே காயங்கள்.
தாடை. கன்னம்.
மனசுக்குள் அவர் எண்ணுவது என் தோலுக்குக் கேட்டது.
மூச்சு இந்தத் தடவையும் பட்டிருக்கும்.
பட்டதை அவர் பட்டதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சீட்டை வலது மணிக்கட்டில் கட்டினார்.
பச்சையைக் கிழித்தார். மஞ்சளைக் கிழித்தார்.
இருபத்தெட்டு வருடம் கிழித்தவனுக்குத் தெரியும்,
கை நடுங்கினால் ஓரம் பல்லுப் பல்லாக வரும்.
சிவப்பு அப்படி வந்தது.
"மன்னிக்கணும்." உதடு மட்டும்.
எட்டு நொடி. பூட்ஸ் திரும்பின.

கண்ணை மூடியே கிடந்தேன்.
சுஸுனா கத்தினாள், தூக்கினார்கள்,
கத்தல் கதவுப் பக்கம் போனது,
வாசலைத் தாண்டியும் கத்தினாள்,
வண்டிக்குள்ளிருந்தும்.
ஒரு வரி விடாமல் முடித்தாள்.
பேச்சு மூச்சில்லாமல் கிடந்து
நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் எதிரே வந்து உட்கார்ந்தார்.
சோற்றுருண்டையின் தாளை உரித்தார், கடிக்கவில்லை.
மேசைக்கு மேலே கை நீட்டி
என் மணிக்கட்டைப் பிடித்தார்.
சீட்டை அவிழ்க்கப் போகிறார் என்று நினைத்தேன்.
நாடி பார்த்தார்.
முழுசாக ஒரு நிமிடம், யார் கடிகாரத்தையும் பார்க்காமல்.
பிறகு ஊறுகாயை என் பக்கம் தள்ளினார்.

எல்லோரும் போன பிறகு கூடத்தைக் கூட்டினேன், பழைய பழக்கம்.
பச்சைத் துண்டுகள் நிறைய. மஞ்சள்.
சிவப்பு ஒரு பிடி, அதில் ஒன்று பல்லுப் பல்லாக.
கறுப்பு ஒன்றுகூட இல்லை.
அதை யாரும் கிழிப்பதில்லை,
மற்றதெல்லாம் போனால் அதுவாகவே மிஞ்சும்.
துடைப்பம் பிடித்த கையில் ஆடிக்கொண்டிருந்தது,
முடிச்சு நல்ல இறுக்கம்.